கேசட்டுக்குள் குறில் நெடில்

அக்கா மகள் விடுமுறைக்கு மதுரை வந்திருந்தாள். பரணிலிருந்து இறக்கிய பழைய டூ-இன்-ஒன் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க ஆசை. பக்கத்தில் கிடந்த தகரப் பெட்டிக்குள் கைவிட்டு, அகப்பட்ட கேசட்டை எடுத்துப் போட்டாள். முதலில் ஏதோ ஒரு ஆங்கிலப் பாட்டின் வால். ‘டக்’ என்று ரெக்கார்டு பட்டன் அமுங்கிய சத்தம். அப்புறம் ஒரே சீராக ஓர் ஊளை, ஐந்து வினாடிக்கு. அதன் நுனியில் ‘ப்ரிப்’ என்று ஒரு கீறல். கொஞ்சம் அமைதி. மறுபடி ஊளை, கீறல். அதற்கப்புறம் வந்ததுதான் அசல் சத்தம்: ஆயிரம் சில்வண்டைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கியது போல.

“ஐயோ மாமா, டேப் சிக்கிருச்சு!” என்று நிறுத்தப் போனாள்.

“நிறுத்தாத. சிக்கல. அது கேம்.”

அவள் கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். என்னைப் பார்த்த பார்வையில், மாமாவுக்கு வயசாகிவிட்டது என்ற முடிவு தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த கேசட்டைக் குனிந்து பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பாதி மை மங்கிப் போயிருந்தது. மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வார்த்தை, தமிழில், என் ஒன்பது வயசுக் கையெழுத்தில்: தொடாதே.

“இஞ்சி தட்டிப் போட்டு ரெண்டு டீ கொண்டா. சொல்றேன்.”

1982 கடைசியில் அப்பாவுக்கு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, குடும்பத்தோடு போனோம். மான்செஸ்டருக்கு வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊர். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. ஐந்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினோம். போன மறுவருஷம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது: சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். கேம்பிரிட்ஜ் கம்பெனி, 1982 ஏப்ரலில் வெளியிட்டது. 48 கிலோபைட் நினைவகம் உள்ளதற்கு அப்போது 175 பவுண்ட். அடுத்த வருஷம் விலை இறங்கிய பிறகுதான் அப்பா வாங்கினார். கறுப்பு நிறம், ஒரு நோட்டுப் புத்தகத்தை விடச் சின்னது, அழிரப்பரைத் தொட்டது போல மெத்தென்ற சாவிகள். திரை கிடையாது; வீட்டு டீவியில் மாட்ட வேண்டும். டிஸ்க் கிடையாது, வீட்டு டேப் ரெக்கார்டரில் மாட்ட வேண்டும்.

வில்லங்கம் அங்கேதான். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே டேப் ரெக்கார்டர். அது அக்காவுடையது.

“சரி மாமா, கேசட்ல பாட்டு பதியும். கேம் எப்படிப் பதியும்?”

கேசட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாடாவில் இரும்பு ஆக்சைடுப் பூச்சு இருக்கிறது. ஒலிக்கேற்ப அது காந்தமாகிறது. நீ எஸ்.பி.பி. பாட்டைக் கொடுத்தாலும் பதியும், மிக்ஸி சத்தத்தைக் கொடுத்தாலும் பதியும். கம்ப்யூட்டரிடம் இருப்பது 0, 1 என்ற இரண்டே இரண்டு. இரண்டுக்கும் ஆளுக்கொரு சத்தம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

“நீ தமிழ்ப் பாடத்துல மாத்திரை படிச்சல்ல?”

“குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு.”

அவ்வளவுதான் ஸ்பெக்ட்ரம் கேசட்டின் இலக்கணமும். 0 என்றால் குட்டி அலை ஒன்று, ஒரு நொடியில் ஆயிரத்தில் அரைப்பங்கு நேரம். 1 என்றால் அதே அலை சரியாக இரண்டு மடங்கு நீளம், ஆயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே இருந்த இசட்80 சிப் நொடிக்கு 35 லட்சம் தரம் துடிக்கும். அந்தக் கணக்கில் சொன்னால், 0-வின் அலையில் மேலே பாதி 855 துடிப்பு, கீழே பாதி 855 துடிப்பு. 1-க்கு 1,710, 1,710. தொல்காப்பியர் கண் இமைப்பையும் கைநொடியையும் வைத்து அளந்ததை இந்த மெஷின் இன்னும் கொஞ்சம் பொடியாக அளந்தது, அவ்வளவே.

படிக்கும் முறையும் எளிமைதான். அலை மேலிருந்து கீழே எப்போது விழுகிறது, கீழிருந்து மேலே எப்போது ஏறுகிறது என்று காத்திருந்து, இடையில் எத்தனை எண்ணினோம் என்று மட்டும் பார்க்கும். கொஞ்சமாக எண்ணியிருந்தால் குறில், நிறைய எண்ணியிருந்தால் நெடில். குரல் இனிமையா, சத்தம் கூடுதலா என்ற கவலையே அதற்கு இல்லை. ஆனால் வால்யூம் ரொம்பக் குறைந்தால் விளிம்பு தெரியாது. ரொம்பக் கூடினால் இரைச்சலும் விளிம்பாகிவிடும். முக்கால் திருகுக்குக் கொஞ்சம் மேலே, பால்பாயிண்ட் பேனாவால் நான் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். அக்காவின் ரெக்கார்டரில் நான் கோடு கிழித்ததற்கு நடந்த சண்டை தனிக்கதை.

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இப்போது உற்றுக் கேட்டாள்.

“அந்த ஊளை எதுக்கு?”

பாட்டு ஆரம்பிக்கும் முன் சுருதி பிடிப்பது போல. ‘நாடா ஓட ஆரம்பித்துவிட்டது, நிதானத்துக்கு வா’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. ஊளை கேட்கும்போது டீவித் திரையின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பும் இளநீலமுமாகத் தடித்த பட்டைகள் ஓடும். எண்கள் வர ஆரம்பித்ததும் பட்டைகள் மெலிந்து நீலமும் மஞ்சளுமாகத் துடிக்கும். பெரும்பாலான கேம்களில் முதலில் வருவது ஒரு படம், 6,912 பைட். திரையில் கறுப்பு வெள்ளையாக, ஜன்னல் தட்டியை இறக்குவது போல வரிவரியாக நிரம்பும். கடைசி நாலைந்து வினாடியில்தான் வண்ணம் ஏறும். படத்தில் வெறுமையான இடம் நிறைய இருந்தால் எல்லாம் 0. சத்தம் ஒரே சீராக, மெல்லிய குரலில் போகும். கோடுகள் அடர்ந்த இடம் வந்தால் கரகரக்கும். ரெண்டு மாதத்தில் எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லோருக்கும் இந்தக் காது வந்துவிட்டது. திரையைப் பார்க்காமலே, அடுத்த அறையிலிருந்து, ‘படம் முடிஞ்சது, இப்போ கேம் வருது’ என்று சொல்லிவிடுவோம். சங்கீதம் கற்றுக்கொள்ள வைக்க அம்மா எத்தனையோ பாடுபட்டாள். எனக்கு வந்த சங்கீத ஞானம் இது ஒன்றுதான்.

48 கிலோபைட்டும் நிரம்ப ஏறத்தாழ ஐந்து நிமிடம். கிட்டத்தட்ட நாலு லட்சம் குறில் நெடில். அதில் ஒன்றைத் தப்பாகக் கேட்டாலும் போச்சு. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் சரிபார்க்க ஒரு பைட் இருக்கும். வந்தவற்றையெல்லாம் கூட்டிக் கழித்த கணக்கு அதோடு பொருந்த வேண்டும். கொடுமை என்னவென்றால், கணக்குப் பார்ப்பது கடைசியில்தான். தப்பு முதல் நிமிடத்தில் நடந்திருந்தாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுவதும் உட்கார்ந்திருந்த பிறகுதான் ‘டேப் லோடிங் எரர்’ என்று ஒரு வரி வரும். வந்தால், ரெக்கார்டரின் மூடிக்குக் கீழே, ஹெட் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைக் கண்ணாடிக்காரர் வைத்திருக்கும் திருப்புளியால் கால் சுற்று திருப்பி, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்து, மறுபடி முதலிலிருந்து. திருகைத் திருப்பியதும் அக்காவின் பாட்டுகள் எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போல மந்தமாகிவிடும். சண்டை நம்பர் இரண்டு.

அக்காவின் தரப்பையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 வரை பிபிசி ரேடியோ 1-இல் அந்த வாரத்தின் டாப் 40 பாட்டுகள். நாடு முழுக்கப் பிள்ளைகள் அந்த நேரம் ரெக்கார்டரின் முன்னால் மண்டியிட்டு, பாஸ் பட்டனில் விரலை வைத்துக் காத்திருப்பார்கள். அறிவிப்பாளர் வாயை மூடியதும் விரலை எடுக்க வேண்டும். பாட்டு ஓயும் முன் அவர் வாயைத் திறந்தால் அமுக்க வேண்டும். யூரித்மிக்ஸ், கல்ச்சர் கிளப், டுரான் டுரான் என்று அக்கா சேர்த்த பாட்டில் பாதிக்குத் தலை இருக்காது, பாதிக்கு வால் இருக்காது. அவள் இருபது பாட்டுக்கு உயிரைக் கொடுக்கும் அதே இரண்டு மணி நேரத்தில்தான் நான் ரெக்கார்டருக்காகக் கதவுக்கு வெளியே நிற்பேன்.

கேமும் பாட்டும் ஒரே நாடாவில் ஏறியதில், அந்தத் தொழில்களும் ஒன்றோடொன்று கலந்துபோயின. 1983-இல் ஷேக்கின் ஸ்டீவன்ஸ் என்ற பாடகரின் ஆல்பம் கேசட்டில் பாட்டுக்குப் பிறகு ஒரு ஸ்பெக்ட்ரம் கேமையே வைத்தார்கள். அதே வருஷம் பீட் ஷெல்லியின் ‘எக்ஸ்எல்1’ ஆல்பத்தோடு ஒரு புரோகிராம்: கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாட்டோடு சேர்த்து ஓட்டினால், பாடல் வரிகளும் கோலங்களும் திரையில் வரும். 1984 அக்டோபரில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை, தாம்ஸன் ட்வின்ஸ் குழுவின் பெயரில் ஒரு கேமை, மடங்கும் பிளாஸ்டிக் ரெக்கார்டில் பதித்து இலவசமாகக் கொடுத்தது. ரெக்கார்டு பிளேயரிலிருந்து கேசட்டில் பதிந்து, கேசட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மெல் க்ரௌச்சர் என்பவர் எழுதிய ‘டியூஸ் எக்ஸ் மாக்கினா’ இன்னும் ஒரு படி மேலே. ஒரு கேசட்டில் கேம், இன்னொன்றில் அதற்கான இசையும் வசனமும். கேம் தொடங்கும் நொடியில் இரண்டாவதை நீயே ஓட விட வேண்டும். நெதர்லாந்தில் ‘ஹாபிஸ்கூப்’ என்ற ரேடியோ நிகழ்ச்சி கம்ப்யூட்டர் புரோகிராம்களை இதே கிறீச்சலாக ஒலிபரப்பியது. யூகோஸ்லாவியாவிலும் பெல்கிரேட் வானொலியில் இது நடந்தது. வயர் இல்லாமல் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் டவுன்லோடு.

“மாமா, அது வைஃபை!”

“அப்போ அதுக்கு ஆகாசவாணின்னு பேரு.”

கேமுக்குள் இருந்த இசையும் வெளியே இருந்த இசையும் கூட ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஸ்பெக்ட்ரத்துக்கு என்று தனி இசைச் சிப் கிடையாது. உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர். அதை முன்னால் தள்ளலாம், பின்னால் இழுக்கலாம், நடுவாந்தரமே இல்லை. தள்ளி இழுக்கும் வேலையையும் அந்த ஒரே இசட்80 தான் செய்ய வேண்டும்; அதைச் செய்யும்போது வேறு எதுவும் செய்ய முடியாது. 1983-இல் மேத்யூ ஸ்மித் என்ற 17 வயதுப் பையன் ‘மானிக் மைனர்’ எழுதினான். லிவர்பூலில் பக்-பைட் கம்பெனி வெளியிட்டது, விலை 5 பவுண்ட் 95. இருபது குகைகளில் சாவி பொறுக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் கதை. அதில் விளையாட்டு நடக்கும்போதே இசையும் வந்தது. ஊரே வாயைப் பிளந்தது. அவன் செய்த தந்திரம்: ஆளை ஓர் அடி நகர்த்து, ஒரு துணுக்கு இசையைத் தட்டு, பேயை ஓர் அடி நகர்த்து, மறுபடி ஒரு துணுக்கு. அதனால்தான் க்ரீக் என்ற நார்வே இசைமேதையின் மெட்டு அதில் விக்கி விக்கி வருகிறது. எனக்கு இன்றைக்கும் அந்த மெட்டை முழு ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்டால் ஏதோ குறைவது போல இருக்கும். விக்கலைத்தான் காணோம்.

பக்கத்துத் தெருப் பையனிடம் கமடோர் 64 இருந்தது. பணக்கார மெஷின். அதன் சிட் என்ற இசைச் சிப்பை வடிவமைத்தவர் பாப் யானஸ். அவர் சிந்தசைஸர் பைத்தியம், பிற்பாடு சிந்தசைஸர் கம்பெனியே தொடங்கியவர். ஒரே நேரத்தில் மூன்று குரல். ஒவ்வொரு குரலும் எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு வேகமாகத் தணிய வேண்டும், எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எப்படி ஓய வேண்டும் என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லலாம். வீணைத் தந்தியை மீட்டினால் உடனே உச்சம், அப்புறம் கரைசல். நாகசுரம் என்றால் மூச்சு இருக்கும்வரை நிற்கும். அந்த வித்தியாசத்தை நான்கே எண்ணில் எழுதிவிடலாம். அக்காவின் கேசட்டில் பாடிய குழுக்கள் வைத்திருந்த சிந்தசைஸர்களிலும் இதே நான்கு திருகுகள்தான்.

மூன்று குரலை வைத்துக்கொண்டு ஒரு குரலில் தாளம், ஒன்றில் பாட்டு என்று போனால், மூன்று சுரத்தைச் சேர்த்து அடிக்க மிச்சம் ஒரு குரல்தானே? மான்செஸ்டரில் ஓஷன் கம்பெனிக்கு இசையமைத்த மார்ட்டின் கால்வே போன்றவர்கள் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே குரலை, டீவித் திரை மாறும் வேகத்தில், நொடிக்கு 50 தரம், ச-க-ப ச-க-ப என்று மாற்றிக்கொண்டே இருப்பது. இருட்டில் ஊதுபத்தியைச் சுற்றினால் முழு வட்டம் தெரிகிற மாதிரி, காதுக்கு மூன்றும் ஒட்டிக்கொண்டு, குமிழியிட்டது போல ஒரு ஒலி வரும். 80-கள் கேம் என்றதும் காதில் கேட்கிற அந்தக் குமிழி, பஞ்சத்தில் பிறந்தது.

“அப்போ இந்தக் கேசட்ல இருக்கிறது காசு குடுத்து வாங்கினதா?”

கேட்டுவிட்டாள். இல்லை. பள்ளிக்கூடத் தோழனின் அண்ணனிடம் இரண்டு கேசட் போடும் ரெக்கார்டர் இருந்தது. ஒன்றில் ஓடும், மற்றதில் பதியும். பாட்டும் பதியும், கேமும் பதியும். அதற்கு இரண்டும் சத்தம்தானே. 1981-லிருந்தே ரெக்கார்டு கம்பெனிகள், கேசட்டுக்குக் கீழே இரண்டு எலும்பைக் குறுக்கே வரைந்து, வீட்டில் பதிவது இசையைக் கொல்கிறது என்று பிரசாரம் செய்தன. இரட்டை ரெக்கார்டர் விற்ற ஆம்ஸ்ட்ராட் மீது இசைக் கம்பெனியான சிபிஎஸ் தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1988-இல் ஆம்ஸ்ட்ராட் பக்கம் தீர்ப்பானது. அதற்குள் 1986-இலேயே ஸ்பெக்ட்ரத்தையும் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, கம்ப்யூட்டரோடு ஒட்டிய டேப் ரெக்கார்டருடன் புது மாடல் விட்டிருந்தது ஆம்ஸ்ட்ராட். மூணு வருஷம் முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு அது வந்திருந்தால் எனக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை ஒழுங்காக இருந்திருக்கும்.

சில்வண்டுகள் உச்சத்தில் இருந்தன. திடீரென்று ‘டக்’. கிறீச்சல் அறுந்தது. டும். டும். டும்-டும்-டும்-டும் என்று மெஷின் துப்பாக்கி போல ஒரு டிரம்.

“இது சூப்பரா இருக்கே!” என்று அவள் தலையாட்டத் தொடங்கினாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ‘புளூ மண்டே’. மான்செஸ்டர் குழுவான நியூ ஆர்டர் போட்டது, 1983 மார்ச். அட்டையே ஒரு ஃப்ளாப்பி டிஸ்க் போல வெட்டப்பட்டிருக்கும். பாட்டின் பெயர் எழுதியிருக்காது, வண்ணக் கட்டங்களைக் குறியீடாக வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும். கேட்கிற டிரம்மும் மனிதன் அடித்தது இல்லை. நிஜ டிரம்மின் சத்தத்தை எண்களாக்கிச் சிப்பில் வைத்திருந்த ஓபர்ஹைம் மெஷின். சுரவரிசையை ஓட்டியது, குழுவின் பெர்னார்ட் சம்னர் கிட் வாங்கி வீட்டில் பற்றவைத்த கருவி. சுரங்களை அதில் ஏற்றியபோது கில்லியன் கில்பர்ட் ஒன்றை விட்டுவிட்டார். மெட்டு தாளத்தை விட்டுக் கொஞ்சம் விலகியே ஓடுகிறது. அப்படியே வெளியிட்டார்கள். ஒன்று தவறினால் மொத்தமும் போச்சு என்று சொல்ல அந்தப் பாட்டில் சரிபார்க்கும் பைட் இல்லை.

என் கேமில் இருந்தது. கடைசிப் பகுதியை அழித்துவிட்டு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது அக்காவின் பாட்டு. தொடாதே என்று எழுதியும்.

அவள் அதற்குள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். நடந்ததைக் கேட்ட அக்கா, நாற்பது வருஷப் பழியை ஒரு நொடியில் தள்ளுபடி செய்தாள்.

“அன்னிக்கு வேற கேசட் இல்லடா. பாட்டு ஆரம்பிச்சிருச்சு. நான் என்ன செய்ய?”

“என்ன கேம்னே இப்ப தெரியாது. சீட்டும் மங்கிருச்சு.”

“எனக்கு மட்டும் தெரியுமா?” என்று வைத்துவிட்டாள்.

அக்கா மகள் ரிவைண்ட் பட்டனை அமுக்கினாள். “மாமா, முதல்ல அந்த ஊளைக்கு நுனியில ஒரு கீறல் வந்துச்சே, அது என்ன?”

தலைப்பு. வரப்போவது என்ன வகை, என்ன பெயர், எவ்வளவு நீளம் என்று 17 பைட். அதில் பத்து எழுத்து பெயருக்கு. நொடியில் பத்தில் ஒரு பங்குகூட நிறைவாக இருக்காது. காதால் படிக்க முடியாது.

“காதால எதுக்குப் படிக்கணும்?”

பையிலிருந்து வயரை எடுத்தாள். மூன்றரை மில்லிமீட்டர் முனை. ஸ்பெக்ட்ரத்தின் முதுகில் நான் சொருகிய அதே அளவு. டூ-இன்-ஒன்னின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு. ஒலியை அலையாகக் காட்டும் மென்பொருளில் பதிந்து, ஊளையின் நுனியைப் பெரிதாக்கினாள், மேலும் பெரிதாக்கினாள். திரை முழுக்க மலையும் பள்ளமும். ஊளையின் அகன்ற மேடுகள் முடிகிற இடத்தில் மிகக் குறுகிய ஒரு துடிப்பு. எண்கள் இனிமேல்தான் என்பதற்கு அடையாளம். அதற்கப்புறம் ஒல்லியும் தடியுமாக அலைகள்.

நோட்டை இழுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். குறில், குறில், குறில், குறில். வரிசையாகப் பதினாறு குறில். முதல் எட்டு, இது தலைப்பு என்பதற்கு. அடுத்த எட்டு, இது புரோகிராம் என்பதற்கு. பதினேழாவதில் இருந்து பெயர்.

“குறில், நெடில், குறில், குறில்… நெடில், நெடில், குறில், நெடில்.” கீழே 01001101 என்று எழுதி, மனசுக்குள் கூட்டினாள். “77. மாமா, ஆங்கில எம்.”

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“அடுத்த எட்டைப் படி.”